தேள்முகனின் முள் பலூன்

அந்த வாரப் பத்திரிகையில் கெட்டவர்கள் எல்லாம் அவள் கையால்தான் பேசினார்கள். நல்லவர்களும் அவள் கையால்தான் பேசினார்கள். ஆனால் நல்லவர்கள் பேசுவதை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

படக்கதைப் பத்திரிகை அது. கதை எழுத ஒருவர், படம் வரைய ஒருவர் இருந்தார்கள். படத்தில் இருப்பவர்கள் வாயைத் திறந்ததும் தலைக்கு மேல் ஒரு பலூன் கிளம்புகிறதே, அந்தப் பலூனையும் அதற்குள் இருக்கும் எழுத்தையும் போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடியில், இடப்பக்கம் ஜன்னல் இருக்கிற மேசை அவளுடையது. வலது கைக்காரிக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் எழுதுகிற இடத்தில் கையின் நிழல் விழும். அந்த மேசைக்காக விளம்பரப் பிரிவுக்காரரோடு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து ஜெயித்தவள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் எழுத்தக்கா. அவளைவிட ஆறு வயது மூத்த கதைக்காரருக்கும் அப்படியே.

பலூனுக்குச் சட்டம் போட்டவள் அவள்தான். நல்லவன் பேசினால் பலூன் உருண்டையாக, ஓரம் வழுவழுவென்று இருக்கும். எழுத்து நிமிர்ந்து நிற்கும். கெட்டவன் பேசினால் ஓரமெல்லாம் முள் முள்ளாக இருக்கும், எழுத்து சாய்ந்திருக்கும். பயந்தவன் பலூன் நடுங்கும். போலீஸ்காரர் பலூன் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. செய்த பிறகு யாரும் பாராட்டவும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பொடிசுகள்கூட முள்ளைப் பார்த்ததும் பேசுகிறவன் எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கதை வந்தது. பத்திரிகையின் நாயகன் வெள்ளிக்கவசன், அவனுடைய பரம எதிரி தேள்முகன். அந்தக் கதையில் தேள்முகன் வெள்ளிக் கவசத்தைத் திருடி மாட்டிக்கொண்டு, நாயகன் மாதிரியே ஊருக்குள் நடமாடினான். ஓவியர் துளி வித்தியாசம் தெரியாமல் வரைந்துவிட்டார். எழுத்தக்கா மட்டும் யாரையும் கேட்காமல், அந்தப் போலி நாயகன் பேசுகிற பலூனுக்கெல்லாம் சின்னச் சின்னதாக முள் வைத்துவிட்டாள். கடைசி வாரம் குட்டு வெளிப்பட்டதும் வாசகர்கள் பழைய இதழ்களைப் புரட்டினார்கள், முள்ளைக் கண்டுபிடித்தார்கள், துள்ளிக் குதித்தார்கள். படம் ஏமாற்றினாலும் பலூன் ஏமாற்றாது என்பது அன்றிலிருந்து அவர்களுக்கு வேதவாக்கு. பாராட்டுக் கடிதங்கள் அத்தனையும் கதைக்காரர் பெயருக்கு வந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாக அவள் மேசைக்கே கொண்டுவந்து உரக்கப் படித்துக் காட்டினார், வாயெல்லாம் பல்லாக.

இந்த வருடம் வாசகர்கள் குறைந்தார்கள். முதலாளி கடித மூட்டையைக் கொட்டிப் பார்த்தார். வெள்ளிக்கவசனுக்கு மாதம் நாலு கடிதம் வந்தால் அதிகம். தேள்முகனுக்கோ நாள் தவறாமல் வந்தது. அவனை ஜெயிலில் போட்ட வாரம் சாப்பிடாமல் கிடந்ததாக எழுதியிருந்தார்கள். அவன் தப்பித்த வாரம் நிம்மதியாகத் தூங்கியதாக எழுதியிருந்தார்கள். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார்.

"இனிமே தேள்முகன் திருந்துறான்," என்றார். "நல்லவனாகணும்னு தலைகீழா நிக்கிறான். ஆனா ஊரு நம்ப மாட்டேங்குது. அதுதான் கதை."

கதைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அங்கேயே நின்றபடி அளந்துவிட ஆரம்பித்தார். எரிகிற வீட்டுக்குள் புகுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறான் தேள்முகன். தாய்க்காரி நன்றி சொல்லாமல், ஐயோ என் பிள்ளையைத் தேள் கொட்டிவிட்டதே என்று அலறுகிறாள். ஆற்றில் விழுந்த பஸ்ஸைக் கயிறு கட்டிக் கரையேற்றுகிறான். தள்ளிவிட்டதே இவன்தான் என்று கல்லெடுக்கிறார்கள். கொள்ளைக்காரர்களைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிட்டு போலீஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். போலீஸ் வந்ததும் பழக்கதோஷத்தில் அவனே இரண்டு கையையும் விலங்குக்கு நீட்டுகிறான். இந்த இடத்தில் ஓவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுத்தக்காவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப வெள்ளிக்கவசன்?" என்றாள்.

"அவனா? அவன் பாட்டுக்கு ஓரமா இருப்பான்."

"இருபத்திரண்டு வருஷமா ஒரு தப்புப் பண்ணலையே அவன்!"

"அதான் எழுத்தக்கா பிரச்சினை," என்றார் கதைக்காரர் சிரித்துக்கொண்டே. "அவனைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு, சொல்லுங்க."

மேசைக்குத் திரும்பி அன்றைய வேலையின் முதல் வரியை எழுதியபோது அவளுக்கு நிப் முறிந்தது. அவ்வளவு அழுத்தம். ஒரு காகித மனிதனுக்காக இத்தனை ஆத்திரமா என்று யாருக்கும் தோன்றும். விஷயம் காகிதத்தில் இல்லை. அதே வாரத்தில்தான் அவளுடைய தம்பி ஊருக்குத் திரும்பி வந்திருந்தான்.

தம்பி அவளைவிட ஐந்து வயது சின்னவன். அம்மாவுக்கு இவள் பெரியவள், அவன் சின்னவன். சின்னவன் குடித்த காலத்தில் வீட்டில் முழுசாக ஒரு கண்ணாடிச் சாமான் கிடையாது. அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக்கூட மிதித்து உடைத்திருக்கிறான். தனிக்குடித்தனம் போன பிறகும் ஒருநாள் சாயங்காலம், கொட்டுகிற மழையில், பெண்டாட்டியையும் நாலு வயதுக் குழந்தையையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்து பெரியவள் வீட்டுக்குத்தான் நடந்து வந்தார்கள். அதற்கப்புறம் அவன் ஊரைவிட்டே போய்விட்டான். அப்பா படுக்கையில் விழுந்தபோது வரவில்லை, செத்தபோதும் வரவில்லை. அப்பாவைத் தூக்கி உட்கார வைத்ததும் துடைத்துவிட்டதும் ஊட்டிவிட்டதும் பெரியவள். பெண் பார்க்க வந்த இரண்டு இடத்திலும் அப்பா அம்மாவை விட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பியதும் பெரியவள்தான்.

இப்போது சின்னவன் திரும்பி வந்திருந்தான். இளைத்து, முகம் மழித்து, குடியை விட்டுப் பதினோரு மாதமான சின்னவன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். வேலை முடிந்ததும் தினம் அம்மாவைப் பார்க்க வருவான், உள்ளே வா என்று சொல்லும்வரை வாசலிலேயே நிற்பான்.

அம்மா அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள், கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஆளிடம் சொன்னாள், தெரியாத நம்பரிலிருந்து தவறுதலாகப் போன் பண்ணினவரைக்கூட விடவில்லை: "எம் புள்ள திருந்திட்டான்!" அவன் வந்த மூன்றாம் நாள் கொடியில் கிடந்த போர்வைகளை மடித்து வைத்தான்.

"பெரியவளே, இங்க வந்து பாரேன்! மூலைக்கு மூலை எப்படி ஒட்டி மடிச்சிருக்கான் பாரு!"

பெரியவள் வந்து பார்த்தாள். நன்றாகத்தான் மடித்திருந்தான். இருபது வருடமாக அந்த வீட்டில் போர்வை மடித்துக்கொண்டிருந்தவள் அவள். அதைப் பற்றி அம்மா இதுவரை சொன்னதெல்லாம் "அந்தப் பச்சைப் போர்வையை எங்கடி வெச்சே?" என்பது ஒன்றுதான். அவளுக்கு வயிறு எரிந்தது. நானும் நாலு தட்டை உடைத்திருக்கலாமே என்று இருந்தது. உடைத்துவிட்டு நிறுத்தியிருந்தால் நிறுத்தினதற்காவது ஒரு பேர் கிடைத்திருக்கும். அந்த எண்ணம் முற்றிப்போய், ஒருநாள் அவள் நிஜமாகவே ஒரு பீங்கான் கிண்ணத்தைச் சமையலறைத் தரையில் போட்டுப் பார்த்தாள். அம்மா ஓடிவந்து, "சின்னவனே, இந்தப் பக்கம் வராதடா, கால்ல குத்திடப் போகுது!" என்றாள்.

போகட்டும், அம்மாவைக்கூட விட்டுக்கொடுத்திருப்பாள். அவளுக்கென்றே ஒன்று இருந்தது: சனிக்கிழமை.

தம்பி மனைவி நர்ஸ். சனிக்கிழமை அவளுக்குப் பகல் வேலை. மகளைக் காலை ஒன்பது மணிக்கு இங்கே கொண்டுவந்து விட்டு ஆறு மணிக்குக் கூட்டிப்போவாள். ஐந்து வருடமாக அப்படித்தான். குட்டிக்கு இப்போது ஒன்பது வயது. அத்தையும் அவளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நிப்பும் மையுமாக நாள் முழுக்கக் கிறுக்குவார்கள். புது இதழ் கடைக்குப் போகும் நாளே குட்டி கையில் இருக்கும். போலி வெள்ளிக்கவசன் கதை அவளுக்கு மனப்பாடம். முள்ளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. "பலூன் போடறது எங்க அத்தைதான்," என்று அவள் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வதாகத் தம்பி மனைவி சொன்ன அன்று, எழுத்தக்கா இரண்டு பேருக்குச் செய்ய வேண்டிய சமையலை நாலு பேருக்குச் செய்தாள்.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் இப்போது வேட்டு வந்தது. தம்பி மனைவி ஒருநாள் தனியாக வந்து சொன்னாள்.

"அக்கா, அவர் குட்டியைப் பார்க்கணும்கிறார். நான் வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. சனிக்கிழமை நாலு மணிக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கட்டும். குட்டிக்கு மனசிருந்தா இறங்கிப் போயி ஒரு மணி நேரம் இருந்துட்டு வரட்டும். மனசில்லைன்னா விட்டுடணும். ஆறு வாரம் பார்ப்போம். அதுக்குள்ள அவ போகலைன்னா இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாதுன்னுட்டேன். அவரும் ஒத்துக்கிட்டார்."

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்கக்கா. போன்னும் சொல்லாதீங்க, போகாதேன்னும் சொல்லாதீங்க. அவளா முடிவு பண்ணட்டும்."

அன்று சாயங்காலம் சின்னவன் வந்து வாசலில் நின்று, குரலைத் தணித்துக் கேட்டான். "அக்கா, நீ ஒரு வார்த்தை சொன்னா குட்டி கேப்பா."

"யாரும் எதுவும் சொல்லக் கூடாதுன்னு அவ சொல்லியிருக்கா," என்றாள் பெரியவள். சட்டத்தை அவ்வளவு சந்தோஷமாக அவள் வாழ்நாளில் கடைப்பிடித்ததில்லை.

மறுநாள் திருந்தும் தேள்முகனின் முதல் பக்கம் அவள் மேசைக்கு வந்தது. எரிகிற வீடு, புகை, கையில் குழந்தையோடு முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கும் தேள்முகன். கதைக்காரர் எழுதிக் கொடுத்திருந்த வசனம்: பயப்படாதீங்க, குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. பென்சிலால் இரண்டு கோடு இழுத்து எழுத்தை எழுதினாள். பிறகு பலூனின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கை உருண்டையாகப் போக மறுத்தது. ஒரு முள் வைத்தாள். வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள், இன்னொன்று வைத்தாள். பிறகு வேகம் பிடித்து மொத்தப் பலூனையும் முள்ளாக்கிவிட்டாள். நல்ல முள், நீளமான, கூரான முள். இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு லட்சணமாக முள் போட்டதில்லை.

அதை யாரும் பார்க்கவில்லை. கதைக்காரர் வசனத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஓவியர் பலூன் தன் படத்தை மறைக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். திருந்தினவனுக்கு உருண்டைப் பலூன் என்பது சொல்லாமலே புரிகிற விஷயம் என்று இருவரும் சும்மா இருந்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லையே என்று அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை குட்டி இதழைப் பிரித்தாள். வசனத்தைப் படிக்கவே இல்லை.

"முள்ளு இருக்கு அத்தை."

"ம்."

"அப்ப நடிக்கிறான்."

"கதையைப் படிச்சுப் பாரு," என்றாள் அத்தை, தலையைத் தூக்காமல்.

நாலு மணிக்குக் குட்டி ஜன்னலுக்குப் போனாள். எதிரே பஸ் ஸ்டாப்பில் சின்னவன் நின்றிருந்தான். சட்டை இஸ்திரி கலையாமல் விறைப்பாக இருந்தது. குட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா இப்ப நல்லாப் பேசறார்னு அம்மா சொன்னாங்க," என்றாள். "தேள்முகனும்தான் நல்லாப் பேசறான்." திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தைக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. வெட்கப்பட வேண்டிய சந்தோஷம் என்று தெரிந்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கீழே பஸ்கள் வந்து வந்து போயின. சின்னவன் ஐந்து மணி வரை நின்றுவிட்டுப் போனான். குட்டி வீட்டுக்குப் போன பிறகு அம்மாவைப் பார்க்க மாடியேறி வந்தவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அடுத்த வாரம் பார்க்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தான். அவன் கத்தியிருந்தால் பெரியவள் நிம்மதியாக இருந்திருப்பாள். பழைய மாதிரி ஒரே ஒரு தடவை, கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடப் போதும், அத்தனை முள்ளுக்கும் நியாயம் கிடைத்திருக்கும். அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

மூன்றாவது வாரம் அலுவலகத்தில் வெடித்தது. கடிதங்கள் மூட்டையாக வந்தன. தேள்முகன் நடிக்கிறான், பலூனைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டோம் என்று பாதிப் பேர். இல்லை, பாவம், முள்ளோடு போராடுகிறான் என்று மீதிப் பேர். கதைக்காரர் முகம் சிவக்க அவள் மேசைக்கு வந்தார்.

"யாரு முள்ளு போடச் சொன்னது?"

"உருண்டையாப் போடச் சொன்னது யாரு?" என்றாள் அவள்.

அவர் பதில் யோசிப்பதற்குள் முதலாளி கடிதக் கட்டோடு உள்ளே வந்தார். "திருந்தினானா நடிக்கிறானான்னு ஊரே அடிச்சுக்குது! போன வாரம் கடையில ஒரு பிரதி மிச்சமில்ல. கதைக்காரரே, உங்க மூளையே மூளை! அந்த முள்ளை மட்டும் எடுத்துடாதீங்க, நான் சொல்றவரைக்கும் இருக்கட்டும்!"

கதைக்காரர் வாயைத் திறந்தார், எழுத்தக்காவைப் பார்த்தார், வாயை மூடினார். பிறகு, "ஏதோ தோணிச்சு சார்," என்றார் அடக்கமாக.

அவளுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நல்லது செய்தாலும் பேர் அவருக்கு, கெட்டது செய்தாலும் பேர் அவருக்கா? தன் பொறாமையையாவது தன் பேரில் விட்டுவைக்கக் கூடாதா? ஆனால் முள்ளுக்கு இப்போது முதலாளியின் உத்தரவு இருந்தது. இனி அது அவள் குற்றம் இல்லை. நாலாவது வாரம் போட்டாள், ஐந்தாவது வாரம் போட்டாள். சின்னவன் நாலாவது சனிக்கிழமையும் நின்றான், ஐந்தாவது சனிக்கிழமையும் நின்றான். ஐந்தாவது சனிக்கிழமை மழை. பஸ் ஸ்டாப்பின் கூரை ஒழுகுகிற பக்கம் ஒதுங்கி நின்று, பஸ்ஸுக்கு வந்தவர்களுக்கு ஒழுகாத பக்கத்தை விட்டுக்கொடுத்திருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இதையும் யாராவது அம்மாவிடம் சொல்லித் தொலைப்பார்கள் என்று நினைத்தாள்.

ஆறாவது சனிக்கிழமை குட்டி இதழைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். ஒரு பழைய அட்டையின் பின்பக்கத்தில் தானே ஒரு படக்கதை போட ஆரம்பித்தாள். மதியம் முழுக்க நாக்கைத் துருத்திக்கொண்டு வேலை பார்த்தாள். மூன்றே முக்காலுக்கு அட்டையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு வீடு, வாசலில் நாலு பேர்.

"இது அம்மா. அம்மாவுக்கு உருண்டை. இது நான், எனக்கும் உருண்டை. இது நீ."

அத்தையின் பலூன்தான் நான்கிலும் பெரியது. பாட்டில் மூடியை வைத்து வரைந்ததால் அப்பழுக்கில்லாத வட்டமாக இருந்தது. ஓரத்தை மையால் இரண்டு தடவை ஓட்டியிருந்தாள். உள்ளே, சாப்பிட வா குட்டி, என்று எழுதியிருந்தது.

"இது அப்பா. முள்ளு பென்சில்லதான் போட்டிருக்கேன். இன்னும் மை போடல." குட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னிக்குத்தான் கடைசின்னு அம்மா சொன்னாங்க. மை போட்டுடட்டுமா அத்தை?"

நிப்பை மைக்கூட்டில் தோய்த்து, சொட்டு விழாமல் விளிம்பில் தட்டிவிட்டு, அவள் காத்துக்கொண்டிருந்தாள். அப்படித் தட்டச் சொல்லிக் கொடுத்தது அத்தைதான்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுகூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். சனிக்கிழமை அவளுடையதாகவே இருக்கும், என்றென்றைக்கும். எழுத்தக்கா அந்த அட்டையையே பார்த்தாள். மற்ற மூன்றையும்விட வழுவழுப்பாக இருந்த தன் பலூனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது.

"போடாதே," என்றாள்.

"ஏன்?"

"தேள்முகன் நடிக்கல குட்டி. நிஜமாவே திருந்திட்டான். கதைக்காரர் அப்படித்தான் எழுதியிருக்கார். உருண்டையாப் போட வேண்டியதை நான் முள்ளாப் போட்டுட்டேன்."

"தெரியாமப் போட்டியா?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நாசூக்காக ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை.

"பொறாமை," என்றாள். "தப்புப் பண்ணினவன் திரும்பி வந்தா எல்லாரும் கொண்டாடறாங்க. தப்பே பண்ணாதவளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கறதில்ல. அந்த ஆத்திரம். அப்புறம், நீ உங்கப்பாகூடப் போயிட்டா சனிக்கிழமை என்கூட யாரு இருப்பான்னு."

குட்டி நிப்பைக் கீழே வைத்தாள். "ஆறு வாரமுமா?"

"ஆறு வாரமும்."

"பலூன் பொய் சொல்லாதுன்னு நான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்." அவள் அழவில்லை. கோபம்தான். "அடுத்த வாரம் உருண்டையாப் போடுவியா?"

"முதலாளி முள்ளுதான் வேணும்கிறார்."

"நீ போடுவியா, மாட்டியா?"

"போடுவேன்."

குட்டி எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவருகில் நின்று, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"அப்பா நிஜமாத் திருந்திட்டாரா?"

"எனக்குத் தெரியல. தினமும் வரான். கத்தறதில்ல. அவ்வளவுதான் பார்த்தேன். நான் சரியாப் பார்க்கவும் இல்ல. நீயே போய்ப் பாரு."

படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. எப்போதும் போல 'வரேன் அத்தை' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

எழுத்தக்கா ஜன்னலுக்குப் போனாள். குட்டி சாலையைக் கடந்தாள். சின்னவன் ஓடிவந்து தூக்கிக்கொள்வான், நாடகம் போடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. குட்டி பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் குனிந்து ஏதோ கேட்டான். குட்டி தலையாட்டினாள். இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள், நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு இடம் விட்டு. அவன் கையைப் பிடிக்க முயலவில்லை. முனை திரும்பும் முன் குட்டி ஒருமுறையாவது ஜன்னலைப் பார்ப்பாள் என்று நினைத்தாள். பார்க்கவில்லை. சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பதெல்லாம் சும்மா பேச்சு. அவளுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. அந்த ஒரு மணி நேரமும் அவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை, காலுக்குக் கால் மாற்றி நின்றுகொண்டே இருந்தாள்.

ஐந்து மணி தாண்டிச் சில நிமிடத்தில் படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம். குட்டிதான் அவனை மேலே இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். வழக்கம்போல வாசலில் நின்றவனை அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து கூட்டிப்போனாள். சின்னவனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா," என்றான். "குட்டி சொன்னா. நீதான் அவளைப் போகச் சொன்னியாமே. நான் உன்னைப் பத்தித் தப்பா நினைச்சுட்டேன்கா. உனக்கு நான் வந்தது பிடிக்கலையோன்னு நினைச்சுட்டேன்."

அம்மா மகனைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள், பிறகு பெரியவளிடம் வந்து அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் பெரியவளுக்கு ஈடு யாருடா? அவ இல்லைன்னா இந்தக் குடும்பம் ஏது? இத்தனை வருஷம் எல்லாத்தையும் தூக்கிச் சுமந்தவ. இன்னிக்கு உன் குடும்பத்தையும் சேர்த்து வெச்சுட்டா. தங்கம்டி நீ!"

இருபது வருடமாக அவள் ஏங்கிக்கிடந்த வார்த்தை வந்தேவிட்டது. ஒன்றுக்குப் பத்தாக வந்தது. கன்னத்தில் அம்மாவின் உள்ளங்கைச் சூடு இதமாக இருந்தது. இப்படியே நின்றுவிடலாம் போல இருந்தது. உண்மை தெரிந்தவள் குட்டி ஒருத்திதான், அவளோ காட்டிக்கொடுக்காமல் வந்திருந்தாள். அம்மாவின் தோளுக்கு மேலாக எழுத்தக்கா அவளைப் பார்த்தாள். குட்டி மேசையில் சாய்ந்துகொண்டு, கண்ணை எடுக்காமல் அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் அம்மாவின் கைகளைக் கன்னத்திலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். எடுக்க மனமே இல்லாமல்தான் எடுத்தாள்.

"தம்பி, உட்காரு," என்றாள். "அம்மா, நீயும் உட்காரு. நான் ஒண்ணு சொல்லணும்."